ரப்பர் கட்டையும் லேசரும்: சுங்கை சிப்புட் பட்டறை ஆறாம் படிவ வடிவமைப்பு மாணவர்களுக்கு எவ்வளவு தூரம் உதவும்?

பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில், பழைய கடைவரிசைக்குப் பின்னால், வாய்க்காலை ஒட்டிய சந்தில் ஒரு தச்சுப் பட்டறை இருக்கிறது. வார நாள்களில் அலமாரி, கதவு, சாமி மாடம் செய்யும் இடம். சனி, ஞாயிறு காலை 9 மணி முதல் மாலை 5 மணி வரை நான்கு வேலை மேசைகளை மாணவர்களுக்கு வாடகைக்கு விடுகிறார்கள். மணிக்கு 8 வெள்ளி (ரிங்கிட்). கைக்கருவிகள் அதில் அடக்கம். மின்ரம்பத்தை ஆசாரி மட்டுமே இயக்குவார், ஒரு வெட்டுக்கு 1 வெள்ளி. லேசர் வெட்டு இயந்திரத்துக்கு நிமிடத்துக்கு 1 வெள்ளி 50 காசு. பெயர்ப்பலகை கண்ணில் படாது. வாசலில் சாய்த்து வைத்த கதவுச் சட்டங்களைப் பார்த்து உள்ளே போகலாம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். மரவேலைக்கும் உலோகக் குழாய் வேலைக்கும் நம்பிப் போகலாம். அக்ரிலிக் வேலைக்குத் தயாரிப்போடு போக வேண்டும். 3டி அச்சுக்கு இங்கே போகவே வேண்டாம்.

இந்தப் பட்டறையைப் பற்றி இவ்வளவு விரிவாக எழுதக் காரணம் உண்டு. தமிழ்ப்பள்ளியில் 4ஆம் ஆண்டிலிருந்து ‘வடிவமைப்பும் தொழில்நுட்பமும்’ படித்த பிள்ளை, இடைநிலைப்பள்ளியில் 3ஆம் படிவம் வரை அதையே ஆர்பிடி என்ற பெயரில் தொடர்கிறது. சில பள்ளிகளில் அதன் பிறகு ரெக்கா சிப்தா என்ற புத்தாக்கப் பாடத்தை எடுக்கலாம். ஆறாம் படிவத்துக்கு வந்தால் வழி அடைபட்டுவிடும். ஆறாம் படிவ முடிவில் எழுதும் எஸ்.டி.பி.எம். தேர்வில் அந்தப் பாடம் இல்லை, கிட்டத்தில் இருப்பது காட்சிக்கலை ஒன்றுதான். ஆர்வம் விடாதவர்கள் ஏ-லெவல் பக்கம் போகிறார்கள், அல்லது பல்கலைக்கழக நேர்முகத்துக்குக் காட்டத் தாங்களே பொருள்கள் செய்து போர்ட்ஃபோலியோ (படங்களும் குறிப்புகளும் கொண்ட வேலைத் தொகுப்பு, சுருக்கமாக ஃபோலியோ) சேர்க்கிறார்கள். இரண்டுக்கும் கையால் செய்து பார்க்க ஓர் இடம் வேண்டும். தோட்டத்திலோ அடுக்குமாடி வீட்டிலோ மேசை ரம்பத்துக்கு எங்கே போவது?

இங்கிலாந்தின் ஏ-லெவல் புரொடக்ட் டிசைனில் மொத்த மதிப்பெண்ணில் பாதி, மாணவரே எடுத்துச் செய்யும் திட்டப்பணிக்கு. ஏகியூஏ தேர்வு வாரியத்தின் 7552 பாடத்திட்டத்தை எடுத்துக்கொண்டால், முதல் தாள் இரண்டரை மணி நேரம், 120 மதிப்பெண், 30 விழுக்காடு. இரண்டாம் தாள் ஒன்றரை மணி நேரம், 80 மதிப்பெண், 20 விழுக்காடு. மீதி 50 விழுக்காடும் திட்டப்பணிதான். எழுத்துத் தாள்களிலும் குறைந்தது 15 விழுக்காடு கணிதம் வரும். பொருளைத் தொட்டுச் செய்யாமல் புத்தகத்தை மட்டும் படித்தவர் இந்தப் பாடத்தில் பாதியைத் தொடவில்லை என்று பொருள்.

போவதற்கு முன் ஒரு எச்சரிக்கை. திட்டப்பணி மாணவரின் சொந்த வேலைதான் என்று ஆசிரியர் கையெழுத்திட்டு உறுதி சொல்ல வேண்டும். அதனால் வெளிப் பட்டறையில் எதை, எவ்வளவு செய்யலாம் என்று கல்லூரியிடம் முன்கூட்டியே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஆசாரி ரம்பத்தில் அறுத்துத் தந்தது எது, நீங்கள் உளி பிடித்துச் செய்தது எது என்று ஃபோலியோவில் பிரித்து எழுதுங்கள். உதவி பெற்றதை எழுதினால் பிரச்சினை இல்லை. மறைத்தால் மொத்த வேலையும் சந்தேகத்துக்குள்ளாகும்.

இனிப் பட்டறைக்கு வருவோம். இங்கே எங்களுக்கு மிகவும் பிடித்தது எந்த இயந்திரமும் அல்ல, ஒரு வழக்கம். கட்டையைத் தூக்கிக்கொண்டு போய் “ஐயா, இதை 300-க்கு அறுத்துக் கொடுங்க” என்று நீட்டினால், ஆசாரி கட்டையைத் தொடமாட்டார். “படம் எங்கே தம்பி?” என்பார். பெண் பிள்ளை என்றாலும் அதே கேள்வி, “படம் எங்கே மா?” அளவு குறித்த வரைபடம் இல்லாமல் ரம்பம் ஓடாது. கைப்பேசியில் எடுத்த படம் செல்லாது, தாள் வேண்டும். இந்த ஒரு கட்டாயம் மாணவர்களின் பாதித் தவறுகளை மேசையிலேயே பிடித்துவிடுகிறது.

எந்தத் தவறுகள் என்றால், முதலாவது தொடர் அளவு. ஐந்து துளைகளை ஒன்றிலிருந்து ஒன்றுக்கு 60 மி.மீ. என்று சங்கிலிபோல் குறித்தால், ஒவ்வொன்றிலும் அரை மி.மீ. பிசகினாலே கடைசித் துளை இரண்டரை மி.மீ. வரை நகர்ந்துவிடும். ஒரே விளிம்பை அடிப்படையாக வைத்து 60, 120, 180 என்று குறித்தால் எந்தத் துளையிலும் பிசகு அரை மி.மீ.யோடு நிற்கும். இரண்டாவது, ரம்பம் தின்னும் மரத்தை மறப்பது. இங்கே உள்ள மேசை ரம்பத்தின் வெட்டு அகலம் 3 மி.மீ. 600 மி.மீ. பலகையில் 100 மி.மீ. துண்டுகள் ஆறு வேண்டும் என்று எழுதினால் ஐந்து வெட்டுக்கு 15 மி.மீ. தூளாகப் போகும், ஆறாவது துண்டு 85 மி.மீ.தான் வரும். மூன்றாவது, மூன்று பக்கத் தோற்றங்களையும் வரைந்துவிட்டு அவற்றைத் தாளில் எந்தப் பக்கம் அடுக்கியிருக்கிறோம் என்று காட்டும் முதல் கோணமா மூன்றாம் கோணமா என்ற குறியீட்டை விட்டுவிடுவது. பள்ளியில் ஒரு முறையில் பழகி, பாடநூலில் வேறு முறையைப் பார்த்துக் குழம்பிய பிள்ளைகள் வலப்பக்கத் துளையை இடப்பக்கம் போட்டுவிடுகிறார்கள். ஆசாரி படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து இதைக் கேட்பார். கோபித்துக்கொள்ளாதீர்கள், பொறுமையாகப் பதில் சொல்லுங்கள்.

மரம் என்றால் இங்கே ரப்பர் கட்டைதான் முதலில். 25, 30 ஆண்டு வயதாகிப் பால்வெட்டு முடிந்ததும் ஒரு காலத்தில் விறகாக எரித்த அதே மரம், 1980களுக்குப் பிறகு மலேசிய மரச்சாமான் ஏற்றுமதியின் முதுகெலும்பானது. தோட்டத்துப் பிள்ளைக்கு இதைவிட நல்ல ஆய்வுப் பொருள் கிடைக்காது: மூலப்பொருள், மறுநடவு, பயன்முடிவு எல்லாம் வீட்டு வாசலிலேயே இருக்கின்றன. வெட்டிய ரப்பர் மரத்தை உடனே அறுத்து, போரான் உப்புக் கலவை ஏற்றி, சூளையில் உலர்த்தாவிட்டால் சில நாள்களிலேயே நீலப் பூஞ்சணம் பிடிக்கும், பிறகு வண்டு துளைக்கும். அதனால் தோட்டத்தில் விழுந்து கிடக்கும் கட்டையை எடுத்துப்போய் “இதையே அறுங்க” என்று கேட்காதீர்கள். பட்டறையில் உலர்த்திய, விரல் மூட்டுப் போட்டு ஒட்டிய பலகையாகவே 18 மி.மீ., 25 மி.மீ. தடிமனில் கிடைக்கிறது. இளமஞ்சள் நிறம், நெருங்கிய இழை. உளிக்கு நன்றாக மசியும். வெளியில் மழையில் வைத்தால் மட்டும் தாங்காது.

மூட்டு போடும்போது கவனிக்க வேண்டியது ஒன்று. ஒரு கட்டையின் நுனியை நாக்குபோல் செதுக்கி மற்றதன் துளைக்குள் செருகும் மூட்டில், நாக்கின் தடிமன் கட்டையின் தடிமனில் மூன்றில் ஒரு பங்கு இருக்க வேண்டும். 18 மி.மீ. கட்டைக்கு 6 மி.மீ. மாணவர்கள் வலுவாக இருக்கட்டும் என்று 10 மி.மீ. விடுவார்கள். அப்போது துளையின் இரு பக்கச் சுவரும் நான்கு நான்கு மி.மீ.யாக மெலிந்து, செருகும்போதே பிளந்துவிடும். பட்டறையில் 6 மி.மீ. உளி கூராக இருக்கிறது, 10 மி.மீ. உளியின் முனை சற்று உடைந்திருக்கிறது. திருகாணி போட்டால் முன்துளை போடாமல் இறக்காதீர்கள். 4 மி.மீ. திருகாணிக்கு ரப்பர் கட்டையில் இரண்டரை மி.மீ. முன்துளை போதும். மரநாரை அழுத்திச் செய்த எம்டிஎஃப் பலகையின் விளிம்பில் என்றால் முன்துளை போட்டாலும் விளிம்புக்கு மிக அருகே போடக் கூடாது, தாள் தாளாகப் பிரியும்.

பசை வெள்ளைப் பிவிஏ. கிளாம்ப் எட்டு உண்டு, நான்கு மாணவருக்கு ஆளுக்கு இரண்டு. ஒரு நீண்ட பெட்டி ஒட்ட இரண்டு கிளாம்ப் போதாது என்பதால் முன்பே சொல்லி வையுங்கள், அல்லது சைக்கிள் டியூப்பை வெட்டி இழுத்துக் கட்டும் வழியைக் கேளுங்கள், ஆசாரி காட்டுவார். ஒரு மணி நேரம் இறுக்கினால் போதும் என்று பசை டப்பாவில் எழுதியிருக்கும். மழைக்கால ஈரக்காற்றில் அதை இரண்டு மணி நேரமாக வைத்துக்கொள்ளுங்கள், 24 மணி நேரத்துக்குள் மூட்டின் மேல் பாரம் ஏற்றாதீர்கள்.

ஈரம் பற்றிப் பேசும்போது இந்தப் பட்டறையின் மிகப் பெரிய குறையைச் சொல்ல வேண்டும். மாணவர்களின் பாதி முடித்த வேலையை ஒரு வாரம் வைத்துக்கொள்வார்கள், ஆனால் பின்புற சிமெண்டுத் தரையில் படுக்க வைக்கிறார்கள். தரையைத் தொடும் பக்கம் ஈரம் உறிஞ்சி விரியும், மேல்பக்கம் காற்றில் உலரும், பலகை கிண்ணம்போல் வளைந்துவிடும். மரம் இழையின் நீளப் பக்கம் அசையாது, குறுக்குப் பக்கம் அசையும். 300 மி.மீ. அகலப் பலகையில் ஈரப்பதம் 4 விழுக்காடு மாறினால் அகலம் 2 மி.மீ.க்கு மேல் மாறலாம். சட்டத்துக்குள் இறுக்கி ஒட்டிய பலகை வெடிப்பதற்கும், இழுப்பறை குளிரூட்டிய அறையில் ஆடுவதற்கும் மழைக்காலத்தில் சிக்கிக்கொள்வதற்கும் இதுதான் காரணம். உங்கள் பலகையை நீங்களே இரண்டு கட்டைச் சட்டங்களின் மேல், சுவரில் சாய்த்து, இரு பக்கமும் காற்றுப் படும்படி வைத்துவிட்டு வாருங்கள். கேட்டால் விடுவார்கள். அகலப் பலகையைச் சட்டத்தில் பூட்டும்போது ஒட்டாமல், நீள்வட்டத் துளையில் திருகாணி போட்டு அசைய இடம் விடுங்கள். இந்த முடிவுக்கான காரணத்தை ஃபோலியோவில் இரண்டு வரி எழுதினாலே, பொருளின் இயல்பைப் புரிந்துகொண்டு வடிவமைத்தீர்கள் என்று திருத்துபவருக்குத் தெரியும்.

லேசர் கார்பன் டை ஆக்ஸைடு வகை, மேசை 600-க்கு 400 மி.மீ. கணினியில் வரைந்த படத்தை டிஎக்ஸ்எஃப் கோப்பாகக் கொண்டுபோனால் போதும். கோடுகள் இரட்டையாக விழுந்திருந்தால் ஒரே இடத்தை இரண்டு முறை வெட்டிக் கருக்கிவிடும், நிமிடக் கட்டணமும் இரட்டிப்பாகும். வீட்டிலேயே சுத்தம் செய்துகொண்டு போங்கள்.

லேசரில் பெரும்பாலோர் சறுக்கும் இடம் மூட்டு அளவு. கடையில் ‘3 மில்லி’ என்று விற்கும் பிளைவுட் உண்மையில் 2.7 மி.மீ. வரை மெலிந்திருக்கும், பலகைக்குப் பலகை மாறும். கணினியில் 3 என்று வரைந்தால் துளை தொளதொளவென்று ஆடும். அதோடு லேசர்க் கதிரே ஏறத்தாழ 0.2 மி.மீ. அகலத்தை எரித்துவிடுகிறது. துளை இரு பக்கமும் 0.1 விரியும், நாக்கு இரு பக்கமும் 0.1 சுருங்கும். ஆக இரண்டும் சேர்ந்து 0.4 மி.மீ. இடைவெளி. இதற்கு வழி எளிது: அந்த வாரம் வாங்கிய பலகையை வெர்னியர் கேலிப்பரால் நான்கு மூலையிலும் அளந்து, 2.4, 2.5, 2.6, 2.7, 2.8 என்று ஐந்து துளை கொண்ட சீப்பு போன்ற சோதனைத் துண்டை முதலில் வெட்டுங்கள். ஒரு நிமிடம்கூட ஆகாது. எந்தத் துளையில் கைவிரல் அழுத்தத்தில் இறுக்கமாக நுழைகிறதோ அதுதான் உங்கள் அளவு. அந்தச் சீப்பைத் தூக்கி எறியாமல் படம் எடுத்து ஃபோலியோவில் ஒட்டுங்கள், அதுவே சோதனைச் சான்று.

வெளியில் பயன்படுத்தும் நீர்புகாப் பிளைவுட்டின் பசை லேசருக்கு அடங்காது, கருகி நின்றுவிடும். பிவிசி தாளை எந்தக் காரணத்துக்கும் உள்ளே வைக்கக் கூடாது. ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும், நுரையீரலையும் கெடுக்கும், இயந்திரத்தின் தண்டவாளங்களையும் துருப்பிடிக்க வைக்கும். பட்டறையில் இதைக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கிறார்கள், பெயர் தெரியாத பிளாஸ்டிக் என்றால் வெட்டாமல் திருப்பித் தந்துவிடுவார்கள். சரியான முடிவு.

அக்ரிலிக் நன்றாகவே வெட்டுகிறது, விளிம்பு கண்ணாடிபோல் பளபளக்கும். சிக்கல் அதற்குப் பிறகு. வெட்டிய விளிம்பில் உள்ளழுத்தம் தங்கியிருக்கும். அதைத் தின்னரோ ஆல்கஹாலோ தொட்ட துணியால் துடைத்தால் நுண்ணிய விரிசல்கள் வலைபோல் படரும். பட்டறையில் எல்லாவற்றையும் தின்னரால்தான் துடைக்கிறார்கள், அது மரச்சாமான் கடை வழக்கம். உங்கள் அக்ரிலிக்கை அவர்கள் கையில் கொடுக்காமல் சவர்க்கார நீரில் நனைத்த மென்துணியால் நீங்களே துடையுங்கள். வளைப்பதற்கு 60 செ.மீ. சூட்டுக்கம்பி ஒன்று இருக்கிறது. நடுவில் சூடு சீராக இருக்கிறது, இரு முனையிலும் 5 செ.மீ. வரை மந்தம். வளைக்கும் கோட்டை நடுவிலேயே வைத்து, தாளை அடிக்கடி புரட்டிச் சூடேற்றுங்கள். அவசரப்பட்டால் உள்பக்கம் இறுகியிருக்க வெளிப்பக்கம் குமிழி விடும்.

உலோகத்தில் இந்த இடம் எதிர்பார்த்ததைவிட நன்று. அலுமினியக் குழாய், குழாய் வெட்டி, கைரிவெட் கருவி, நல்ல துளையிடும் இயந்திரம் எல்லாம் உண்டு. ஒரு திட்டத்தை வைத்தே சொல்லலாம். செம்பனைத் தோட்டத்தில் உதிர்ந்த பழங்களைக் குனிந்து பொறுக்கும் வேலை முதுகை முறிக்கும். நின்றபடியே உருட்டிப் பொறுக்கும் கம்பிக் கூண்டு ஒன்றை வடிவமைப்பது இந்த ஊர்ப் பிள்ளைக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் உண்மையான தேவை. பயனாளரைத் தேடி அலைய வேண்டியதில்லை, பக்கத்து வீட்டு அக்காவே பயனாளர்.

கூண்டின் கம்பிகளுக்கு இடையிலான இடைவெளி பழத்தின் குறுகிய விட்டத்தைவிடச் சற்றுக் குறைவாக இருக்க வேண்டும். கம்பி வளைந்து பழத்தை உள்ளே விட்டு, மீண்டும் நிமிர்ந்து அடைத்துக்கொள்ளும். அதற்கு முதல் வேலை, 50 பழங்களைப் பொறுக்கிக் கேலிப்பரால் அளந்து சிறியதையும் பெரியதையும் பட்டியலிடுவது. சராசரியை மட்டும் எடுத்து வடிவமைத்தால் சிறிய பழங்கள் எல்லாம் வெளியே கொட்டும்.

கைப்பிடிக் குழாய்க்கு 25 மி.மீ.யா 32 மி.மீ.யா என்ற கேள்வி வரும். இரண்டும் 1.2 மி.மீ. சுவர்த் தடிமன் என்று வைத்துக்கொள்வோம். 1.2 மீட்டர் நீளத்தில் சிறிய குழாய் ஏறத்தாழ 290 கிராம், பெரியது 375 கிராம். எடை 29 விழுக்காடு கூடுகிறது. ஆனால் வளையாமல் நிற்கும் விறைப்பு வெளிவிட்டத்தின் நான்காம் அடுக்கிலிருந்து உள்விட்டத்தின் நான்காம் அடுக்கைக் கழித்த அளவைப் பொறுத்தது. கணக்குப் போட்டால் பெரிய குழாய் இரண்டு மடங்குக்கு மேல் விறைப்பானது. 85 கிராம் கூடுதலுக்கு இவ்வளவு கிடைப்பதும், கைப்பிடிக்கு 30 முதல் 40 மி.மீ. விட்டம் வசதியாக இருப்பதும் சேர்ந்து 32-ஐத் தேர்ந்தெடுக்க வலுவான காரணம். எழுத்துத் தாளின் கணிதக் கேள்விக்கும் இதே பயிற்சிதான்.

4 மி.மீ. ரிவெட்டுக்கு 4.1 மி.மீ. துளை போடுங்கள். பட்டறையில் 4.1 முனை இல்லை, 4.5-ஐ நீட்டுவார்கள். வேண்டாம், ரிவெட் ஆடும், சில வாரத்தில் துளை நீள்வட்டமாகிவிடும். சொந்தமாக ஒரு முனை வாங்கிக் கொண்டுபோங்கள். அலுமினியக் குழாயில் அலுமினிய ரிவெட்டே போடுங்கள். மழையும் உரமும் படும் இடத்தில் வேறு உலோகத்தைச் சேர்த்தால் தொடும் இடத்தில் அலுமினியம் அரிக்கும். துத்தநாகம் பூசிய கம்பியைப் பற்றவைக்கக் கேட்காதீர்கள், அந்தப் புகை காய்ச்சல் உண்டாக்கும். மடித்தோ முறுக்கியோ இணைக்கும் வழியை வடிவமைப்பிலேயே யோசியுங்கள்.

மாதிரி தயாரானதும் சோதனை. ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் கட்டத்தில் 100 பழங்களைப் பரப்பி, மூன்று பேர், ஆளுக்கு ஐந்து சுற்று, ஒவ்வொரு சுற்றிலும் கையால் ஒரு முறை கருவியால் ஒரு முறை என நேரம் குறியுங்கள். எத்தனை பழம் விட்டுப்போனது, எவ்வளவு சருகு, கல் சேர்ந்து வந்தது என்பதையும் எடைபோடுங்கள். “பயன்படுத்த எளிதாக இருக்கிறது” என்று அக்கா சொன்னதை மட்டும் எழுதினால் அது மதிப்பீடு ஆகாது. நம் ஊர் மனிதர்கள் பிள்ளையின் மனம் நோகாமல் நல்லதாகத்தான் சொல்வார்கள். அவர்களிடம் கருத்துக் கேட்பதைவிட அவர்கள் வேலை செய்வதைப் பக்கத்தில் நின்று பார்ப்பது உண்மையைத் தரும். எந்த நிமிடத்தில் கருவியைக் கீழே வைத்துவிட்டுக் கையால் பொறுக்கினார்கள் என்று குறித்தால், அடுத்த மாதிரி எங்கே மாற வேண்டும் என்பது தானாகத் தெரியும். விவரக்குறிப்பையும் அளக்கும்படியே எழுத வேண்டும். ‘இலேசாக இருக்க வேண்டும்’ என்பதை யாராலும் சரிபார்க்க முடியாது. ‘காலியாக 1.2 கிலோவுக்குள்’ என்பதைத் தராசில் வைத்துப் பார்த்துவிடலாம்.

3டி அச்சு இயந்திரம் ஒன்று மூலையில் இருக்கிறது. அச்சுக்கான பிஎல்ஏ பிளாஸ்டிக் இழைச்சுருளை உறையில்லாமல் மாதக்கணக்கில் தொங்கவிட்டிருக்கிறார்கள். ஈரம் குடித்த இழை அச்சிடும்போது வெடித்து, முடிபோல் நூல் இழுத்து, அடுக்குகள் ஒட்டாமல் போகும். 45 முதல் 50 டிகிரியில் ஆறு மணி நேரம் உலர்த்தினால் சரியாகும், அதற்கு இங்கே ஏற்பாடு இல்லை. அதுபோக, பிஎல்ஏ 60 டிகிரியிலேயே இளகும். வெயிலில் நிறுத்திய காருக்குள் வைத்தால் நேர்முகத்துக்குப் போய்ச் சேருமுன் மாதிரி வளைந்துவிடும். அச்சு வேலையைக் கல்லூரியிலோ ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தள்ளி ஈப்போவிலோ பார்த்துக்கொள்ளுங்கள்.

தூசி இன்னொரு குறை. உறிஞ்சும் குழாய் இல்லை, வாசலை நோக்கி ஒரு விசிறி மட்டுமே. எம்டிஎஃப் தூள் மிக நுண்ணியது, பசையும் கலந்தது. என்95 முகக்கவசம் உங்கள் பொறுப்பு. கண் கவசம் அவர்களே தருகிறார்கள். மணல்தாள் 120, 180, 240 எல்லாம் விற்கிறார்கள், தாள் ஒன்று 1 வெள்ளி. 120-லிருந்து நேராக 240-க்குத் தாவினால் கீறல் சாயம் பூசிய பிறகே தெரியும்.

வெளிச்சம் மங்கல். ஃபோலியோப் படங்களுக்குப் பக்கக் கதவோரம், காலை 11 மணிக்கு முன், பின்னணிக்கு ஒரு வெள்ளை அட்டை வைத்து எடுங்கள். ஒவ்வொரு படத்திலும் ஓர் அளவுகோல் தெரியட்டும். முடிந்த பொருளை மட்டும் எடுப்பவர்கள் அதிகம். பிளந்த மூட்டு, ஆடிய துளை, மாற்றி வரைந்த தாள் எல்லாவற்றையும் அன்றே எடுத்துத் தேதியிடுங்கள். கடைசி வாரத்தில் உட்கார்ந்து பின்னோக்கி எழுதிய ஃபோலியோ பார்த்த உடனே தெரியும்: எல்லா ஓவியமும் ஒரே பேனா, எல்லா யோசனையும் ஏற்கெனவே முடிவான பொருளையே நோக்கிப் போகும்.

மறக்கக் கூடாத இன்னொன்று, வாசலுக்கு இடப்புறம் இருக்கும் துண்டுப் பெட்டி. 30 செ.மீ.க்குக் குறைவான மரம், பிளைவுட் துண்டுகளை இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். முதல் இரண்டு மாதிரிகளை அட்டையிலும், மூன்றாவதை இந்தத் துண்டுகளிலும் செய்தால், நல்ல பலகையை வாங்குவதற்குள் தவறுகள் எல்லாம் மலிவாக முடிந்துவிடும்.

செலவைச் சேர்த்துச் சொன்னால்: நான்கு மணி நேரம் வீதம் ஐந்து முறை, 160 வெள்ளி. பொருள் 70 வெள்ளி அளவில். லேசர் 20 நிமிடம் 30 வெள்ளி. ரம்பம் 12 வெட்டு 12 வெள்ளி. மொத்தம் 272 வெள்ளி. இரண்டு பேர் ஒரே மேசையைப் பகிரலாம் என்கிறார்கள். ஆனால் ஒருவர் மணல்தாள் தேய்க்கும் பக்கத்தில் மற்றவர் சாயம் பூச முடியாது, நேரத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள்.

முன்பதிவு ஒரு வாரத்துக்கு முன் தொலைபேசியில். தீபாவளிக்கு முந்திய ஆறு வாரம் அலமாரி, கதவு ஆர்டர் குவிவதால் நான்கு மேசையில் ஒன்றுதான் மாணவருக்குக் கிடைக்கும். இங்கிலாந்து வாரியத்துக்குத் திட்டப்பணி மதிப்பெண் மே மாத நடுவில் போய்ச் சேர வேண்டும், கல்லூரிகள் அதற்கு இரண்டு மாதம் முன்பே கெடு வைக்கும். அதனால் மரத்தையும் குழாயையும் தொடும் வேலையை ஜூலை, ஆகஸ்டிலேயே ஆரம்பித்து, தீபாவளி நெருக்கத்தில் வீட்டில் உட்கார்ந்து சோதனைக் கணக்கை எழுதுங்கள், ஜனவரியில் மீண்டும் மேசைக்குப் போங்கள்.